கடைசியில் ஏறிய முதல் பை: தன் இரத்தம் திரும்ப ஏற்றும்போது தசைத்தளர்த்தி மருந்தைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அறுவைக்கு முன் நோயாளியின் இரத்தத்தையே பைகளில் எடுத்து வைத்து, அறுவை முடியும் தறுவாயில் அவருக்கே ஏற்றும் முறை பழையது, எளிமையானது, செலவும் குறைவு. தசைத்தளர்த்தி மருந்து இல்லாமல் பெரிய அறுவை நடப்பதும் அபூர்வம். இந்த இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கும்போது, பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களில் இருக்கும் இரண்டு சரியான நடைமுறைகள் சேர்ந்து ஒரு தவறை உண்டாக்க முடியும். அதைக் காட்டுவதற்கான நிகழ்வு இது. இதில் வரும் நோயாளி உண்மையான ஒருவர் அல்ல. மருந்துகளின் அளவும் நேரமும் மருந்தியல் கணக்கோடு பொருந்தும்படி பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு என்றே வாசிக்க வேண்டும்.

நோயாளி

54 வயது ஆண், எடை 64 கிலோ. பத்து ஆண்டுகளுக்கு முன் பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டு தளர்ந்துவிட்டது. அதைக் கழற்றி மறுபடி பொருத்தும் அறுவை. மூட்டில் கிருமித்தொற்று இருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. இதயம், சிறுநீரகம், ஈரல் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. ஹீமோகுளோபின் 14, ஹீமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 42 சதவீதம்.

சிக்கல் இரத்த வகையில். முதல் பரிசோதனையில் ஓ வகை என்று வந்தது. ஆனால் கிராஸ் மேட்ச் (பை இரத்தத்தை நோயாளியின் இரத்தத்தோடு கலந்து பார்க்கும் பொருத்தச் சோதனை) செய்தபோது வங்கியில் இருந்த எந்த ஓ பையும் பொருந்தவில்லை. ஓ வகையிலும் சிவப்பணுவின் மேல் இருக்கும் எச் ஆன்டிஜெனைப் பரிசோதித்தபோது அது இல்லை. பாம்பே வகை. 1952-ல் பெண்டே முதலானோர் பம்பாயில் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்ன வகை இது. ஏ, பி, எச் மூன்றுக்கும் எதிரான எதிர்ப்பொருள் இவர்கள் இரத்தத்தில் இருப்பதால் இன்னொரு பாம்பே வகைக்காரரின் இரத்தம் தவிர வேறு எதையும் ஏற்ற முடியாது. இப்படிப்பட்டவருக்குத் தன் இரத்தமே முதல் கையிருப்பு.

இரத்தத்தைச் சேமிக்க மூன்று வழிகள் உண்டு. வாரக்கணக்கில் முன்கூட்டியே எடுத்து இரத்த வங்கியில் வைப்பது ஒன்று. அறுவையில் சிந்தும் இரத்தத்தை உறிஞ்சி, கழுவி, திருப்பி ஏற்றும் செல் சேவர் இரண்டாவது. அறுவைக்குச் சற்று முன் எடுத்து, அந்த இடத்தைத் திரவத்தால் நிரப்பி, பைகளைத் தியேட்டரிலேயே வைத்திருக்கும் இரத்த நீர்த்தல் மூன்றாவது. இவருக்கு வலி தாங்க முடியாமல் அறுவையை முன்கூட்டியே வைத்ததால் முதல் வழிக்கு அவகாசமில்லை. மூட்டில் சீழ் இருக்கலாம் என்பதால் செல் சேவரைத் தவிர்த்தார்கள். மிச்சமிருந்தது இரத்த நீர்த்தல்.

எவ்வளவு எடுப்பது

கணக்கு எளிது. ஆணுக்குக் கிலோவுக்கு 70 மி.லி. இரத்தம் என்று வைத்தால் 64 கிலோவுக்கு 4,480 மி.லி. இப்போதைய ஹீமட்டோக்ரிட் 42. இறக்க நினைப்பது 30 வரை. இரண்டின் சராசரி 36. மொத்த இரத்தத்தை (42 − 30) ÷ 36-ஆல் பெருக்கினால் 1,493 மி.லி. எச்சரிக்கையாக 450 மி.லி. பைகள் மூன்று, ஆக 1,350 மி.லி. எடுக்க முடிவு செய்தார்கள். அப்படி எடுத்தால் ஹீமட்டோக்ரிட் 31 அளவில் நிற்கும்.

ஒவ்வொரு பையிலும் 63 மி.லி. சி.பி.டி.ஏ.-1 உறைவுத் தடுப்பான் இருக்கிறது. அந்த 63 மி.லி. சரியாக 450 மி.லி. இரத்தத்துக்கு மட்டுமே அளந்தது. பை அளவுக்கு மேல் நிறைந்தால் இரத்தம் கட்டிவிடும்; குறைவாக நிறைந்தால் தடுப்பானில் உள்ள சிட்ரேட் அதிகமாகும். ஆகவே கண் மதிப்பில் எடுக்கக் கூடாது. தராசில் தொங்கவிட்டு, 450 மி.லி. என்றால் ஏறக்குறைய 475 கிராம் கூடும்போது நிறுத்த வேண்டும். நிறையும் நேரம் முழுக்கப் பையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலைக்கென்று ஒருவரைத் தனியாக ஒதுக்காத இடத்தில் இம்முறையைத் தொடங்கவே வேண்டாம்.

எடுத்த அளவுக்கு ஈடாகக் கூழ்மத் திரவமான சக்சினைலேட்டட் ஜெலட்டின் 500 மி.லி., உப்புத் திரவமான ரிங்கர் லாக்டேட் 2,500 மி.லி. கொடுத்தார்கள். கூழ்மத் திரவம் ஒன்றுக்கு ஒன்று, உப்புத் திரவம் ஒன்றுக்கு மூன்று என்பதே வழக்கமான கணக்கு.

காலை நேரக் குறிப்பு

8:40-க்கு வலி மருந்து ஃபென்டனில் 130 மைக்ரோகிராம், மயக்க மருந்து புரோபஃபால் 130 மி.கி., தசைத்தளர்த்தி ரோக்குரோனியம் 40 மி.கி. 8:42-க்கு மூச்சுக்குழலில் குழாய் செருகி முடிந்தது. இடது ரேடியல் தமனியில் 20 கேஜ் ஊசி. அந்த வழியாக 8:46-க்கு முதல் பை நிறையத் தொடங்கி 9:00-க்கு நிறைந்தது. இரண்டாவது 9:15-க்கு, மூன்றாவது 9:32-க்கு. பைகளில் எண், நோயாளி பெயர், மருத்துவமனை எண், நேரம் எழுதப்பட்டன. அந்த நேரத்தில் இரத்தத்தில் என்ன மருந்து ஓடிக்கொண்டிருந்தது என்பதை யாரும் எழுதவில்லை. வழக்கமான லேபிளில் அதற்கு இடமும் இல்லை.

மூன்றாவது பை நிறைந்ததும் ரோக்குரோனியம் 10 மி.கி.; அதன்பின் 10:15, 10:55, 11:40 என்று கடிகாரத்தைப் பார்த்து 10 மி.கி. வீதம். நரம்பைத் தூண்டி விரல் துடிக்கிறதா என்று பார்க்கும் நரம்புத் தூண்டி மேசையில் இருந்தது. ஆனால் அறுவை நடக்கும்போது அதைப் போட்டுப் பார்க்கவில்லை. திசு மாதிரி எடுத்து முடியும் வரை நிறுத்தி வைத்திருந்த ஆன்டிபயாட்டிக்குகளை 11:20-க்குக் கொடுத்தார்கள். அதில் ஜென்டாமைசின் 240 மி.கி.யும் ஒன்று. மொத்த இரத்த இழப்பு 1,400 மி.லி. மூன்றாவது பையை 10:50-க்கும், இரண்டாவதை 11:45-க்கும் ஏற்றினார்கள்.

முதல் பையைக் கடைசிக்கு வைத்ததில் தவறில்லை. அது திரவம் சேருவதற்கு முன் எடுத்த இரத்தம்; சிவப்பணுவும், தட்டணுவும், உறைவுக் காரணிகளும் அதில்தான் அதிகம். இரத்தக் கசிவு நின்ற பிறகு ஏற்றினால்தான் அது வீணாகாது. அதனால்தான் எடுத்த வரிசைக்கு நேர்மாறாக ஏற்ற வேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்லித் தருகிறார்கள்.

12:20-க்குத் தையல் தொடங்கியது. தூண்டியை வைத்துப் பார்த்தபோது கட்டைவிரல் நான்கு முறை துடித்தது. கைக்குத் தெரிந்த வரை துடிப்பு ஒன்றைவிட ஒன்று பலவீனமாகித் தேயவில்லை. 12:25-க்குத் தளர்த்தியை முறிக்கும் நியோஸ்டிக்மின் 2.5 மி.கி.யும், அதனால் நாடி குறையாமல் காக்கும் கிளைகோபைரோலேட் 0.5 மி.கி.யும் சேர்த்துக் கொடுத்தார்கள். 12:26-க்கு முதல் பை ஏறத் தொடங்கியது. 12:36-க்கு நோயாளி கண் திறந்தார், தலையை ஐந்து விநாடி தூக்கிக் காட்டினார், குழாயை எடுத்தார்கள். பையில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. ரிகவரி அறைக்கு மாற்றுவதற்கு முன் முடித்துவிடலாம் என்று பையைக் கையால் அழுத்தி எட்டு நிமிடத்தில் ஏற்றிவிட்டார்கள். 12:44-க்குப் பை காலி.

12:52

ரிகவரி அறையில் செவிலியர் முதலில் கவனித்தது சுவாசத்தின் போக்கை. நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு மேலெழுந்தது. நிமிடத்துக்கு 32 மூச்சு, ஒவ்வொன்றும் மேலோட்டமானது. முகக்கவசத்தில் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் போயும் செறிவு 89. கண்ணிமை பாதி மூடியிருந்தது. ஆனால் ஆள் தூங்கவில்லை. காதருகே குனிந்தால் கேட்கும் அளவுக்கு, "மூச்சு இழுக்க முடியல சிஸ்டர்" என்றார். எச்சில் வாயோரம் வழிந்தது, விழுங்க முடியவில்லை. கையைப் பிடிக்கச் சொன்னால் விரல் மடங்கியது, பிடி இல்லை.

இந்தக் காட்சியை முதல் தடவை பார்ப்பவர் ஓபியாய்டு (ஃபென்டனில் வகை வலி மருந்து) அதிகமாகிவிட்டது என்று நினைக்கக்கூடும். அதற்கும் இதற்கும் வித்தியாசம் கட்டில் ஓரத்திலேயே தெரியும். ஓபியாய்டு அதிகமானவர் மெதுவாக மூச்சு விடுவார். கண்மணி புள்ளியாகச் சுருங்கியிருக்கும். தட்டினால் விழித்து, மறந்து, மீண்டும் தூங்குவார். தசை தளர்ந்தவர் விழித்திருப்பார்; பயந்திருப்பார்; வேகமாக, மேலோட்டமாக இழுப்பார்; கைகால் அசைவு வெட்டி வெட்டி வரும். இடுப்பு மூட்டு அறுவை என்பதால் எலும்பிலிருந்து கொழுப்பு நுரையீரல் நாளங்களை அடைத்திருக்கலாம் என்பதையும், மூட்டைப் பொருத்தும் சிமென்ட்டுக்கு உடல் காட்டும் எதிர்வினையையும் நினைக்க வேண்டும். இரத்தம் ஏற்றியிருப்பதால் நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் காற்று தெளிவாகப் போனது, குமிழ்ச் சத்தமில்லை, இரத்த அழுத்தம் 158/92, நாடி 112.

தமனி இரத்தப் பரிசோதனையில் பி.எச். 7.24, கார்பன் டை ஆக்சைடு 62, அயனிக் கால்சியம் லிட்டருக்கு 0.96 மில்லிமோல், ஹீமோகுளோபின் 10.9. உடல் வெப்பம் 35.2. பக்கத்துத் தியேட்டரிலிருந்து அளவு காட்டும் முடுக்க மானியை வாங்கி வந்து உல்னார் நரம்பில் வைத்தார்கள். நான்காவது துடிப்புக்கும் முதல் துடிப்புக்கும் உள்ள விகிதம் 0.56.

கண்டறிதல் அத்துடன் முடிந்தது: தசைத்தளர்த்தி இன்னும் நீங்கவில்லை.

என்ன செய்தார்கள்

தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தினார்கள். இறுக்கமான முகக்கவசத்தில் 100 சதவீத ஆக்சிஜன். அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சோடும் பையால் மெல்ல அழுத்தி உதவினார்கள். உறிஞ்சுக் குழாய் கையில் தயாராக இருந்தது. ஒருவர் அவர் தோளைத் தொட்டபடி, "மருந்து இன்னும் கொஞ்சம் உடம்புல இருக்குங்க, இப்ப எடுத்துடுவோம், நாங்க பக்கத்துலயே இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இதைச் சிறு விஷயமாக எண்ணக் கூடாது. நினைவோடு இருந்து மூச்சு விட முடியாமல் தவிப்பது மனிதருக்கு நேரக்கூடிய மிகக் கொடிய அனுபவங்களில் ஒன்று. பல ஆண்டுகள் தூக்கத்தைக் கெடுக்கும்.

ரோக்குரோனியத்தை முறிக்கும் சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 2 மி.கி. கணக்கில் 130 மி.கி. ஒரே வீச்சாகச் செலுத்தப்பட்டது. மூன்று நிமிடத்தில் விகிதம் 0.95. கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதக் கரைசல் 10 மி.லி. பத்து நிமிடத்தில் மெல்லச் சென்றது. சூடான காற்றுப் போர்வை போட்டார்கள். 1:20-க்குக் கார்பன் டை ஆக்சைடு 44. மறுபடி குழாய் போட வேண்டிய அவசியம் வரவில்லை.

சுகமாடெக்ஸ் கையில் இல்லாத இடத்தில் நடந்திருந்தால் வழி வேறு. மறுபடி ஒரு முழு அளவு நியோஸ்டிக்மின் கொடுக்கத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. அதற்கு ஓர் உச்ச எல்லை இருக்கிறது. கிலோவுக்கு 70 மைக்ரோகிராம், அல்லது மொத்தம் 5 மி.கி., இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. அதற்கு மேல் கொடுத்தால் பலன் கூடாது. நாடி குறைதலும் சளியும் கூடும். விகிதம் இப்படிக் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருந்தால் மயக்கமூட்டி, குழாய் போட்டு, வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருப்பதே நேர்மையான வழி. அதில் அவமானம் எதுவும் இல்லை.

பைக்குள் என்ன இருந்தது

ரோக்குரோனியத்தைக் கிலோவுக்கு 0.6 மி.கி. போட்டால் முதல் சில நிமிடங்களில் பிளாஸ்மாவில் அதன் செறிவு மிக உயரத்தில் இருக்கும். பிறகு வேகமாக இறங்கும். முதல் பை நிறைந்தது ஆறாவது நிமிடத்திலிருந்து இருபதாவது நிமிடம் வரை. அந்த இடைவெளியில் சராசரியாக மி.லி.க்கு 3 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 450 மி.லி. இரத்தத்தில் ஹீமட்டோக்ரிட் 42 என்றால் பிளாஸ்மா 261 மி.லி. ஆக மருந்து சுமார் 0.8 மி.கி. இரண்டாவது பையில் அதில் பாதி, மூன்றாவதில் இன்னும் குறைவு. மூன்றும் சேர்த்து ஒன்றரை மி.கி. அளவு. இது கணக்குப் போட்டு எடுத்த மதிப்பீடு, பையிலிருந்து அளந்ததல்ல.

0.8 மி.கி. என்பது போட்ட 40 மி.கி.யில் 2 சதவீதம். இதைச் சொன்னால் அனுபவமுள்ளவர்கள்கூட இது ஒரு பொருட்டா என்பார்கள். மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பைக்குள் ஈரல் இல்லை. ரோக்குரோனியம் உடம்பை விட்டு நீங்குவது பெரும்பாலும் ஈரல் வழியாக. பையில் அது சிதைவதில்லை. எடுத்த நேரத்துச் செறிவு நாலு மணி நேரம் கழித்தும் அப்படியே இருக்கும். இன்னொரு தளர்த்தியான சக்சினைல்கோலினாக இருந்தால் கதை வேறு. அதைச் சிதைக்கும் நொதி பிளாஸ்மாவிலேயே இருப்பதால் பைக்குள்ளேயே கரைந்துபோகும். அட்ராகூரியம், சிஸ்அட்ராகூரியம் என்ற தளர்த்திகள் இரண்டும் வெப்பத்தையும் பி.எச்.சையும் சார்ந்து தாமே சிதைபவை. அறை வெப்பத்தில் வேகம் குறைந்தாலும் சிதைவு நிற்பதில்லை. வெக்குரோனியம், பான்குரோனியம் என்ற தளர்த்திகள் ரோக்குரோனியத்தைப் போல் பையில் சிதையாதவை.

இரண்டாவது, இந்த மருந்து உடம்பில் அதிகம் பரவாது. அதே 8:40-க்குப் போட்ட ஃபென்டனில் கொழுப்பிலும் தசையிலும் ஓடி ஒளிந்துவிடும். முதல் பையில் அது ஒரு மைக்ரோகிராம் அளவே இருந்திருக்கும், கவலைக்குரியதல்ல. ரோக்குரோனியம் நீரில் கரையும் மின்னேற்ற மூலக்கூறு. இரத்தத்திலும் செல்லுக்கு வெளியே உள்ள நீரிலும் தங்கும். பதினெட்டு நிமிடத்தில் உள்ளே வந்த 0.8 மி.கி. முதலில் மூன்று லிட்டர் சொச்சம் கனஅளவில்தான் கலக்கிறது. அதாவது மி.லி.க்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் தற்காலிக ஏற்றம். பாதித் துடிப்பை அடக்கப் போதுமான செறிவே 1 மைக்ரோகிராம் அளவில் இருக்கும்போது, மீண்டுகொண்டிருக்கும் நோயாளிக்கு 0.2 என்பது பெரிய தொகை.

மூன்றாவதுதான் முக்கியம். நரம்பும் தசையும் சேரும் இடத்தில் உள்ள ஏற்பிகளில் 70 முதல் 75 சதவீதம் அடைபடும் வரை துடிப்பு குறைவதே இல்லை. குழாய் எடுத்த நேரத்தில் இந்த நோயாளி அந்த விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். விளிம்பில் நிற்பவரைத் தள்ள விரல் நுனி போதும். எந்தத் தளர்த்தியும் போடாதவருக்கு இதே பையை ஏற்றினால் ஒன்றும் ஆகியிருக்காது.

பை மட்டும் காரணமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இவ்வகை நிகழ்வுகளில் ஒரே குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது பாடத்தைக் கெடுத்துவிடும். ஜென்டாமைசின் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து தசைக்குச் செய்தி சொல்லும் அசிட்டைல்கோலின் சுரப்பைக் குறைக்கும். வேகமாக ஏறிய பையின் சிட்ரேட் அயனிக் கால்சியத்தை இன்னும் கட்டிப்போட்டது. 35.2 வெப்பத்தில் மருந்து நீங்கும் வேகம் குறையும். மூச்சு குறையக் குறைய ஏறும் கார்பன் டை ஆக்சைடு அடைப்பை ஆழமாக்கும். அடைப்பு ஆழமானால் மூச்சு இன்னும் குறையும். கடைசியாக, நியோஸ்டிக்மின். சுகமாடெக்ஸ் ரோக்குரோனியத்தை விழுங்கிக்கொள்ளும். நியோஸ்டிக்மின் அசிட்டைல்கோலினைக் கூட்டி மருந்தோடு போட்டிபோட வைக்கும், அவ்வளவுதான். போட்டி நடக்கும்போது எதிரணிக்குப் புதிய ஆள் வந்தால் முடிவு மாறும்.

கையும் கண்ணும் ஏமாற்றும்

1942-ல் மான்ட்ரியலில் கிரிஃபித்தும் ஜான்சனும் அறுவைக்குக் குராரே என்ற தசைத்தளர்த்தியைப் பயன்படுத்தியபோது மயக்கவியலின் முகமே மாறியது. பன்னிரண்டு ஆண்டுகளில் எச்சரிக்கையும் வந்துவிட்டது. பீச்சரும் டாடும் 1954-ல் வெளியிட்ட, 5,99,548 மயக்கங்களை ஆராய்ந்த அறிக்கையில், தசைத்தளர்த்தி பெற்றவர்களிடையே மயக்கம் தொடர்பான இறப்பு 370-க்கு ஒன்று, பெறாதவர்களிடையே 2,100-க்கு ஒன்று என்று இருந்தது. நான்கு துடிப்புச் சோதனையை அலி, அட்டிங், கிரே மூவரும் 1970-ல் விவரித்தார்கள். விகிதம் 0.7 வந்தால் போதும் என்று நெடுநாள் நம்பினோம். இன்றைய அளவுகோல் 0.9. அதற்குக் கீழே தொண்டைத் தசை ஒத்திசைவு கெடும்; விழுங்குவது தப்பும்; ஆக்சிஜன் குறைவை உணர்ந்து மூச்சைக் கூட்டும் கழுத்துத் தமனி (கரோட்டிட்) உணர்வும் மந்தமாகும்.

அனுபவமுள்ள விரல்கூட விகிதம் 0.4-ஐத் தாண்டிவிட்டால் தேய்வைக் கண்டுபிடிக்காது. 0.4-க்கும் 0.9-க்கும் நடுவே உள்ள முழு ஆபத்துப் பகுதியும் கைக்குத் தெரியாத இருட்டு. ஐந்து விநாடி தலை தூக்குவது 0.6-லேயே பலருக்கு முடியும். ஆகவே 12:20-க்கு விரல் சொன்னதும், 12:36-க்குத் தலை சொன்னதும் பொய்யல்ல. அவற்றால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2023 வழிகாட்டியில் அளவு காட்டும் கருவியைக் கட்டைவிரலில் வைத்து, 0.9 வந்த பின்பே குழாயை எடுக்கச் சொல்கிறது. முடுக்க மானியைத் தளர்த்தி போடும் முன்பே பொருத்தி அடிப்படை அளவை எடுத்துவிட வேண்டும். சில கைகளில் அடிப்படை விகிதமே 1.1 காட்டும், அங்கே 0.9 என்பது உண்மையில் 0.82. கை குளிர்ந்திருந்தால் அளவு தவறும் என்பதால் உள்ளங்கையைப் போர்த்தி வைக்க வேண்டும்.

எப்படிச் செய்திருக்கலாம்

முதல் பையைத் தளர்த்தி போடும் முன் நிரப்பியிருக்கலாம். நோயாளி விழித்திருக்கும்போதே, தோலை மரத்துப்போகச் செய்து தமனி ஊசி போட்டு, இன்னொரு கையில் 16 கேஜ் வழியாகத் திரவம் ஓட, கால் மணி நேரம். இல்லையென்றால் புரோபஃபால் கொடுத்துக் குரல்வளை முகமூடியில் வைத்து ஒரு பையை எடுத்து முடித்தபின் ரோக்குரோனியம் போட்டுக் குழாய் செருகலாம். மயக்கம் தொடங்கிய உடனே இரத்தம் எடுத்தால் அழுத்தம் விழும் என்ற அச்சம் நியாயமானது. விழித்திருக்கும்போது எடுப்பதே நிலையானது. மூன்று பைகளையும் முன்பே எடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. கடைசியில் ஏறப்போகும் முதல் பை சுத்தமாக இருந்தால் பெரும் பகுதிச் சிக்கல் போய்விடும்.

தளர்த்தி போட்ட பிறகுதான் எடுக்க முடியும் என்ற நிலை வந்தால் சிஸ்அட்ராகூரியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ரோக்குரோனியமே வேண்டுமென்றால் முதல் இருபது நிமிடம் கழியட்டும்; செறிவு மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருக்கும். கூடுதல் அளவைக் கடிகாரம் பார்த்துப் போடக் கூடாது; துடிப்பு எண்ணிக்கை பார்த்தே போட வேண்டும். நீர்த்த இரத்தம், குளிர்ந்த உடல், ஜென்டாமைசின் இவற்றோடு வழக்கமான 40 நிமிட இடைவெளி பொருளற்றது.

பையின் லேபிளில் கூடுதலாக ஒரு வரி வேண்டும்: "ரோக்குரோனியம் 40 மி.கி., 8:40, பை தொடங்கியது 8:46." அந்த வரி இருந்திருந்தால் 12:26-க்குப் பையைத் தொங்கவிட்ட கை ஒரு கணம் நின்றிருக்கும்.

பைகள் தியேட்டரை விட்டு வெளியே போகக் கூடாது. அறை வெப்பத்தில் எட்டு மணி நேரம் வரை வைக்கலாம்; தட்டணுவைக் காக்க அதுவே நல்லது. கடைசிப் பையை ஏற்றி முடித்த பிறகே தளர்த்தியை முறிக்கும் மருந்து கொடுக்க வேண்டும்; பையை அழுத்திப் பிழியாமல் குறைந்தது இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். எப்படியும் பை ஓடிக்கொண்டிருக்கும்போது முறிக்க வேண்டி வந்தால் அது சுகமாடெக்ஸாக இருக்கட்டும். ஒரு மி.கி. ரோக்குரோனியத்தைப் பிடிக்க ஏறக்குறைய 3.6 மி.கி. சுகமாடெக்ஸ் போதும், ஆக முழு அளவு 130 மி.கி. கொடுத்திருந்தால், உடம்பில் இருந்ததைப் பிடித்ததுபோக, பையிலிருந்து வரும் 0.8 மி.கி.யைப் பிடிக்கவும் ஏராளமாக மிச்சமிருக்கும். விலையை எண்ணிப் பாதி குப்பி மட்டும் போடும் பழக்கத்தில் அந்த மிச்சம் காணாமல் போகும்.

செல் சேவர் இரத்தத்துக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. உப்புநீரால் ஒரு லிட்டருக்கு மேல் கழுவும்போது பிளாஸ்மாவோடு மருந்தும் போய்விடுகிறது. அங்கே கவலைகள் வேறு: சிமென்ட் கலக்கும்போது உறிஞ்சக் கூடாது, ஹைட்ரஜன் பெராக்சைடு, போவிடோன் அயோடின், வெறும் நீர் உறிஞ்சப்பட்டால் சிவப்பணு உடையும், உறிஞ்சு அழுத்தம் 150 மி.மீ. பாதரசத்தைத் தாண்டக் கூடாது. கழுவிய இரத்தப் பையில் காற்று இருக்கும் என்பதால் அதை நேரடியாக நோயாளிக்கு இணைத்து அழுத்துப் பட்டை போட்டால் காற்று நாளத்துக்குள் போய் உயிரையே எடுக்கும்.

இரத்த நீர்த்தல் இவருக்கு மிச்சம் பிடித்தது எவ்வளவு என்றும் பார்ப்போம். 1,400 மி.லி. இழப்பில் ஹீமட்டோக்ரிட் 42-லிருந்து இறங்கும் இரத்தம் போயிருந்தால் சுமார் 500 மி.லி. சிவப்பணு போயிருக்கும். நீர்த்த இரத்தம் போனதால் 390 அளவு. மிச்சம் 110 மி.லி., ஒரு பைக்கும் குறைவு. சாதாரண ஓ வகைக்காரருக்கு இவ்வளவு பாடுபடுவது தேவையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை என்றே சொல்ல வேண்டும். பாம்பே வகைக்காரருக்கு அந்த 110 மி.லி.யும், புத்தம் புதிய தட்டணுவும் வேறெங்கும் கிடைக்காதவை.

அன்று மாலை வரை இவரை உயர் கவனிப்புப் பிரிவில் வைத்து, சுகமாடெக்ஸ் போட்ட நேரம் 12:58 என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்கள். மறுபொருத்திய இடுப்பு நழுவினாலோ கசிந்தாலோ அதே இரவில் மறுபடி மேசைக்கு வர வேண்டியிருக்கும். நான்கு மணி நேரம் ஆகாமல் வந்தால் கிலோவுக்கு 0.6 மி.கி. ரோக்குரோனியம் பிடிக்காது, கிலோவுக்கு 1.2 மி.கி. போட வேண்டும், அதுவும் தாமதமாகவே வேலை செய்யும். அதைவிட சிஸ்அட்ராகூரியம் எடுப்பது எளிது. சுகமாடெக்ஸ் அதைத் தொடாது.